இகுவானாவை ஏற்றுக்கொள்ளலாமா? – வளர்ப்பு உயிர்கள் கேள்வி பதில்

பதில் எழுதுபவர்: நாகர்கோவில் கால்நடை மருத்துவர்

கேள்வி: டாக்டரம்மா, என் சித்தி மகன் அடுத்த மாதம் வேலைக்காகத் துபாய் போகிறான். அவன் வளர்க்கும் பச்சை இகுவானாவை எங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறான். மூன்று வயது, வாலோடு சேர்த்து மூன்றரை அடி இருக்கும். இப்போது ஒரு கண்ணாடித் தொட்டியில்தான் கிடக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் அது வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நாயும் கோழியும் வளர்த்த வீடுதான், ஆனால் பல்லி இனம் எதையும் வளர்த்துப் பழக்கமில்லை. எண்பது வயது மாமியாரும் எங்களோடு இருக்கிறார். வாங்கலாமா? — தக்கலையிலிருந்து ஒரு வாசகி

பதில்: வாங்கலாம் அம்மா, உங்களுக்கே அதில் விருப்பம் இருந்தால். மகளுக்காக மட்டும் என்றால் வேண்டாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பச்சை இகுவானா 15 முதல் 20 வருடம் வரை இருக்கும். உங்கள் மகள் இன்னும் மூன்று நான்கு வருடத்தில் கல்லூரிக்குப் போய்விடுவாள். கோயம்புத்தூரோ சென்னையோ, ஹாஸ்டலுக்கு இதைக் கொண்டுபோக முடியாது. அதன்பிறகு தினமும் காலையில் கீரை நறுக்கப்போவதும் தண்ணீர் மாற்றப்போவதும் நீங்கள்தான். அதற்கு மனம் ஒப்பினால் மேற்கொண்டு படியுங்கள்.

முதலில் காகிதம். பச்சை இகுவானா தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்கிற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டபோது, சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிர்களுக்கென்று நான்காம் அட்டவணை வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இந்த அட்டவணையில் உள்ள உயிரை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாட்களுக்குள். கை மாறினாலும் தெரிவிக்கவேண்டும், இறந்துபோனாலும் தெரிவிக்கவேண்டும். உங்கள் சித்தி மகன் பெயரில் பதிவு இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இருந்தால், அவர் விமானம் ஏறுமுன் உங்கள் பெயருக்கு மாற்றுகிற வேலையை முடித்துவிடுங்கள். ஆள் துபாயில் இருக்கும்போது கையெழுத்துக்கு அலைவது பெரிய கஷ்டம். பதிவே இல்லை என்றால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் விவரம் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்த பிறகு வாங்குங்கள்.

அடுத்து, அந்த உயிரை நேரில் பாருங்கள். வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு போகாமல், உடம்பைத் தூக்கி நடக்கவேண்டும். கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தொட்டால் கெட்டியாக இருக்கவேண்டும். தாடை ரப்பர் மாதிரி வளைந்தாலோ, கால் வீங்கி விரல் நடுங்கினாலோ, வெயிலும் கால்சியமும் போதாமல் எலும்பு கரைந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடித் தொட்டியிலேயே வளர்ந்த இகுவானாக்களில் நான் அதிகம் பார்க்கும் நோய் இதுதான். அதற்காக வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள், சிகிச்சை தரலாம். ஆனால் தெரிந்து வாங்கவேண்டும். நம் பக்கத்து மருந்தகங்களில் மாடு, ஆடு, நாய்தான் அதிகம் வரும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாங்கிய முதல் மாதத்திலேயே, முன்கூட்டி போனில் பேசிவிட்டு ஒரு தடவை காட்டிவிடுங்கள். மலப் பரிசோதனையும் அப்போதே முடியும்.

மூக்கோரம் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால், அடிக்கடி தும்மினால், சளி என்று பயப்படாதீர்கள். உடம்பில் மிஞ்சுகிற உப்பை அது மூக்கு வழியாகத்தான் தள்ளுகிறது.

இனி வீடு. இந்த உயிருக்கு நம் மாவட்டத்தின் காலநிலை நன்றாகப் பொருந்தும். பகலில் 26 முதல் 32 டிகிரி, வெயில் காய்கிற இடத்தில் 35 டிகிரி, காற்றில் நல்ல ஈரம், இவ்வளவுதான் அதற்குத் தேவை. குளிர் நாட்டில் வளர்ப்பவர்கள் இதற்காக விளக்கும் ஹீட்டருமாக மாதாமாதம் கரண்ட் பில் கட்டுகிறார்கள். தக்கலையில் மார்கழி இரவுகூடப் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே போகாது. ஆகவே கண்ணாடித் தொட்டியை அடியோடு விட்டுவிடுங்கள். வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டிக்குள் சூடு ஏறி, சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும்.

வெல்டரிடம் சொல்லிக் கம்பிவலைக் கூண்டு ஒன்று அடித்துவிடுங்கள். உயரம் ஆறடி, நீளம் ஆறடி, அகலம் மூன்றடி. இப்போது பெரிதாகத் தெரியும், ஆனால் ஆண் என்றால் வாலோடு ஐந்தடிக்கு மேல் வளரும். மரம் ஏறி வாழ்கிற உயிர் என்பதால் உயரம்தான் முக்கியம். உள்ளே கொய்யாக் கிளையோ மாங்கிளையோ குறுக்காகக் கட்டுங்கள். ரப்பர் மரக் கிளை வேண்டாம், அதில் பால் வடியும். காலை வெயில் கூண்டின் ஒரு பாதியில் விழவேண்டும், மறுபாதி எப்போதும் நிழலாக இருக்கவேண்டும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் பிளாஸ்டிக் பூச்சு உள்ள வலையாக வாங்குங்கள், சாதாரண வலையை உப்புக்காற்று அரித்துவிடும். அது படுத்து நனைகிற அளவுக்கு ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி வையுங்கள். பெரும்பாலும் அதற்குள்தான் மலம் கழிக்கும் என்பதால் தினமும் மாற்றவேண்டும்.

வெயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். சூரிய ஒளியில் உள்ள புற ஊதா 'பி' கதிர் தோலில் பட்டால்தான் அதன் உடம்பில் வைட்டமின் டி உண்டாகும். அது இருந்தால்தான் சாப்பிடுகிற கால்சியம் எலும்புக்குப் போய்ச் சேரும். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சத்தில் அந்தக் கதிர் இருக்காது. ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மழை விடாமல் பெய்து, நாள்கணக்கில் வெயிலே தலைகாட்டாமல் போகும் ஊர் நம்முடையது. அந்த நாட்களுக்காக ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் யுவிபி டியூப் ஒன்றைக் கூண்டில் மாட்டுங்கள். டியூப் எரிந்துகொண்டிருந்தாலும் நாளாக ஆகக் கதிர் குறைந்துவிடும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

சாப்பாடு உங்கள் விளையிலேயே இருக்கிறது. இகுவானா முழுச் சைவம். முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, பூசணி, பீன்ஸ், பப்பாளி. இலைகளே பெரும்பங்காக இருக்கட்டும். பழம் ருசிக்குக் கொஞ்சம், பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பாலக்கீரை எப்போதாவது போதும், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டை, புழு, நாய் பிஸ்கட் கொடுத்தால் சீக்கிரம் வளரும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வளர்வது போலத் தெரியும், ஆனால் சில வருடங்களில் சிறுநீரகம் கெட்டுவிடும். முக்கியமாக, மரச்சீனி (மரவள்ளி) இலை, ரப்பர் இலை, அரளி இந்த மூன்றும் கூண்டுக்குப் பக்கத்தில்கூட வரக்கூடாது. மரச்சீனி இலையிலிருந்து சயனைடு வெளிப்படும். அரளி இதயத்தைப் பாதிக்கும். மருந்தடித்த தோட்டத்துக் கீரையும் கூடாது.

மகளிடம் ஒன்று சொல்லிக்கொடுங்கள். அதன் உச்சந்தலையில் வெளிறிய செதில் ஒன்று தெரியும். மூன்றாவது கண் என்றே அதைச் சொல்லலாம். உருவம் தெரியாது, ஆனால் மேலே நிழல் விழுந்தால் உணர்ந்துவிடும். பருந்திடமிருந்து தப்புவதற்காக அமைந்தது அது. ஆகவே மேலிருந்து கை நீட்டினால் மிரண்டு வாலால் அடிக்கும். பக்கவாட்டிலிருந்து, அதன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, பையப் போகவேண்டும். முதல் சில வாரம் தூக்கவே வேண்டாம். கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கட்டும், செம்பருத்திப் பூவைக் கையால் நீட்டட்டும். ஆள் பழகின பிறகு அதுவே கிட்டே வரும். வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது. அறுந்துவிடும். திரும்ப முளைக்கிற வால் பழையபடி இருக்காது. ஆணாக இருந்தால் இனப்பெருக்கக் காலத்தில் உடம்பு ஆரஞ்சு நிறமாகும், குணமும் மாறும், கடித்தால் தையல் போடவேண்டிவரும். அந்த வாரங்களில் தள்ளி நின்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியார் விஷயம். பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கிற இகுவானாவின் குடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். வயதானவர்களுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் அதனால் கடுமையான வயிற்றுப்போக்கு வரலாம். கூண்டு வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் இருக்கட்டும். அதற்குக் கத்தியும் தட்டும் தனி. தொட்டியை அடுக்களையில் கழுவவேண்டாம். தொட்டவர் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் வேறு எதையும் தொடவேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் மாமியார் பயமில்லாமல் இருக்கலாம்.

நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. நம் காலநிலை அதற்கு ஒத்துப்போகிறது என்று சொன்னேன் இல்லையா? அதே காரணத்தால்தான் அது வெளியே போய்விடக்கூடாது. ஃப்ளோரிடா, போர்ட்டோ ரிக்கோ, தைவான் என்று பல இடங்களில் வளர்த்தவர்கள் விட்ட இகுவானாக்களும் தப்பிப்போனவைகளும் பெருகி, தோட்டங்களைத் தின்று, கரைகளைக் குடைந்து, அரசாங்கமே ஆள் வைத்துப் பிடிக்கிற நிலை வந்திருக்கிறது. ஃப்ளோரிடாவிலாவது கடுங்குளிர் வந்தால் விறைத்து மரத்திலிருந்து விழும். நமக்கு அந்தக் குளிரும் கிடையாது, பக்கத்திலேயே பேச்சிப்பாறைக் காடு. 1995-ல் கரீபியன் கடலில் சூறாவளிகள் அடித்த பிறகு, சாய்ந்த மரங்களில் தொற்றிக்கொண்டே குறைந்தது 15 பச்சை இகுவானாக்கள் அங்கில்லா தீவில் கரை ஒதுங்கின. அதற்கு முன் அந்த இனம் அங்கே இல்லை. அவ்வளவு தாங்கக்கூடிய உயிர் இது. 2017-ல் ஒக்கிப் புயலில் நம் ஊரில் எத்தனை கூரை பறந்தது, எத்தனை மரம் சாய்ந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே கூண்டைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். புயல் எச்சரிக்கை வந்தால் வீட்டுக்குள் ஓர் அறைக்கு மாற்றிவிடுங்கள். நாளைக்கு வளர்க்க முடியாமல் போனால் வன அலுவலகத்திடம் சொல்லுங்கள். எந்த நிலையிலும் ரப்பர் தோட்டத்திலோ ஆற்றோரத்திலோ கொண்டு விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அரணை கடித்தால் மரணம் என்று பாட்டி சொல்கிறார். வீட்டுக்குள் வந்தால் அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். உண்மையா? — இரணியலிலிருந்து ஒரு மாணவி

பதில்: இல்லை மக்களே. அரணைக்கு மனிதரைக் கொல்லும் விஷம் கிடையாது. நம் ஊர் ஓணானுக்கும் வீட்டுப் பல்லிக்கும் கிடையாது. பல்லி விழுந்த சாப்பாட்டைக் கொட்டிவிடச் சொல்வது சரிதான், அதற்குக் காரணம் கிருமி. அரணை கரப்பானையும் பூச்சிகளையும் தின்று வாழ்கிறது. கதவைத் திறந்துவிட்டு ஒரு துடைப்பத்தால் ஓரமாக ஒதுக்கினால் தானே போய்விடும். பாட்டியைக் கூப்பிட்டு வைத்துச் செய்து காட்டு.

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் உடும்புக் குட்டி ஒன்று கிடைத்தது. பல்லி வளர்க்கவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இதையே வளர்க்கலாமா? — குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: கூடாது தம்பி. உடும்பு சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்து வைத்திருந்தால் 3 முதல் 7 வருடம் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். காயம் இல்லையென்றால் எடுத்த இடத்திலேயே இன்றைக்கே விட்டுவிடுங்கள், குட்டி உடும்புக்குத் தாயின் துணை தேவையில்லை. காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் ஆசையைக் குறை சொல்லவில்லை. கையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அதே தோட்டத்தில் அது எங்கே வெயில் காய்கிறது, எதைத் தின்கிறது என்று எழுதிவையுங்கள். கூண்டில் பார்ப்பதைவிட அதிகம் பார்ப்பீர்கள்.

கேள்வி: எங்கள் பெண் இகுவானா பத்து நாளாகச் சாப்பிடவில்லை. கூண்டின் மூலையைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறது, வயிறும் பெருத்திருக்கிறது. ஆண் துணை கிடையாது. என்ன நோய்? — மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: பெரும்பாலும் முட்டைதான். கோழி சேவல் இல்லாமலே முட்டை இடுவது போல, பெண் இகுவானாவும் துணையில்லாமல் முட்டை வைக்கும். ஒரே தடவையில் இருபது, முப்பது, அதற்கு மேலும் இருக்கும். வயிறு முழுக்க முட்டையாக இருப்பதால் சாப்பிட இடமில்லை. சுறுசுறுப்பாகச் சுரண்டிக்கொண்டிருக்கிற வரை பயப்படவேண்டாம், இடம்தான் தேடுகிறது. அது உள்ளே திரும்பிப் படுக்கிற அளவுக்குப் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், மண்ணும் மணலும் கலந்து ஒரு அடி ஆழத்துக்குப் போடுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரம் போதும். மூடியில் நுழைவதற்கு ஓட்டை வெட்டி, இருட்டாக இருக்கும்படி மூடிவையுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். யாரும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டாம். முட்டை வைத்து முடித்ததும் இளைத்துப்போகும். முருங்கைக்கீரையில் கால்சியம் பொடி தூவிக் கொடுங்கள். ஆனால் சுரண்டுவதை நிறுத்திவிட்டுச் சோர்ந்து படுத்தாலோ, கால் வெட்டி வெட்டி இழுத்தாலோ, முக்கி முக்கி முட்டை வராமல் இருந்தாலோ, முட்டை உள்ளே சிக்கியிருக்கிறது. எண்ணெய் தடவுவது, வயிற்றை அமுக்குவது எதுவும் செய்யாதீர்கள். காற்றோட்டமான பெட்டியில் வைத்து அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.