அப்ரைசர் வீட்டுக்கே வராமல் மதிப்பு போட்டால் சரியாக இருக்குமா?

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் அருகே மாடியுடன் கூடிய தனி வீடு எங்களுடையது. பழைய வீட்டுக் கடனைப் புதுக் கடனாக மாற்றும் ரீஃபைனான்ஸுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். வீட்டுக்கு மதிப்பு போடும் அப்ரைசர் நேரில் வரமாட்டார், வேறொருவர் வந்து அளந்து படம் எடுத்துக்கொண்டு போவார், அதை வைத்து அப்ரைசர் மதிப்பு போடுவார் என்கிறார் கடன் கொடுக்கும் லெண்டர். கராஜுக்கு மேலே சாய்ந்த கூரையோடு ஒரு போனஸ் ரூம் இருக்கிறது. கராஜில் ஒரு பகுதியைத் தடுத்துத் தாளிப்பு, பொரியலுக்கென்று தனி கிச்சன் போட்டிருக்கிறோம். இவை கணக்கில் வருமா? இந்த முறையை நம்பலாமா?

பதில்: அளவும் படங்களும் சரியாக எடுக்கப்பட்டால் நம்பலாம். வருகிறவர் உங்கள் வீட்டுக்கு மதிப்பு போடுவதில்லை, போடவும் கூடாது. ஆனால் அவர் தவறவிட்டதை மேசையில் உட்கார்ந்திருக்கும் அப்ரைசரால் பார்க்க முடியாது. ஆகவே நீங்கள் கவனம் வைக்க வேண்டியது அவர் வந்துபோகும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான்.

முதலில் லெண்டரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: இது ஹைபிரிட் அப்ரைசலா, அல்லது அப்ரைசரே இல்லாத முறையா? இரண்டிலும் அளந்து படம் எடுக்கும் டேட்டா கலெக்டர் ஒருவர் வருவார், அதனால் பலர் குழம்பிப்போகிறார்கள். ஹைபிரிட்டில், அவர் அனுப்பும் தகவலை வைத்து உரிமம் பெற்ற அப்ரைசர் அறிக்கை எழுதிக் கையெழுத்திடுவார். மற்றதில், லெண்டர்களிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே அல்லது ஃப்ரெடி மேக் நிறுவனத்தின் கணினி லெண்டர் கொடுத்த மதிப்பை ஏற்றுக்கொள்ளும். வீடு சொன்னபடி இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஆள் வருவார். அதில் அப்ரைசல் அறிக்கையே கிடையாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது ஹைபிரிட். அரசு காப்பீடு செய்யும் எஃப்எச்ஏ கடன் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அங்கே அப்ரைசல் தேவைப்பட்டால் அப்ரைசர் நேரில் வந்தாக வேண்டும்.

டேட்டா கலெக்டர் ரியல் எஸ்டேட் ஏஜெண்டாகவோ, இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டராகவோ, பயிற்சியில் இருக்கும் அப்ரைசராகவோ இருக்கலாம். பின்னணிச் சோதனையும் பயிற்சியும் முடித்தவராக இருக்க வேண்டும். அவர் பெயரையும் வரும் நேரத்தையும் லெண்டரிடமே உறுதி செய்துகொள்ளுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண், கடன் தொகை, நீங்கள் எதிர்பார்க்கும் மதிப்பு எதுவும் அவருக்குத் தேவையில்லை. கேட்டால் சொல்லாதீர்கள்.

இப்போது போனஸ் ரூம். உங்கள் வீட்டில் சதுர அடி மாறிப்போவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான். 2022 ஏப்ரல் 1 முதல் ஃபேனி மே, அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சியின் இசட்765 என்ற அளவு முறையைக் கேட்கிறது. அதன்படி சாய்ந்த கூரை உள்ள அறையில், உயரம் 5 அடிக்குக் கீழே இருக்கும் தரை கணக்கில் சேராது. மிஞ்சுகிற தரையில் பாதிக்காவது 7 அடி உயரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அறையே வீட்டின் பரப்பிலிருந்து விழுந்துவிடும்.

நீங்களே அளந்து பாருங்கள். அளவு டேப்பைச் செங்குத்தாகப் பிடித்து, கூரை சரியாக 5 அடியில் முட்டுகிற இடத்தில் தரையில் பெயிண்டர் டேப் ஒட்டுங்கள். 7 அடியில் முட்டுகிற இடத்திலும் அப்படியே. எதிர்ப்பக்கமும் இதேபோல. அறை 20 அடி நீளம், 5 அடிக் கோடுகளுக்கு இடையே 14 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். அது 280 சதுர அடி, பாதி 140. கூரை 12 அங்குலத்துக்கு 8 அங்குலம் ஏறுகிற சரிவு என்றால், 7 அடிக் கோடுகளுக்கு இடையே 8 அடி கிடைக்கும். 160 சதுர அடி, ஆகவே அறை தேறுகிறது, 280-ம் சேரும். அதே அறையில் சரிவு 12-க்கு 6 என்றால் 6 அடிதான் கிடைக்கும். 120 சதுர அடி. போதாது. அறை அறிக்கையில் தனி வரியில் காட்டப்படும், வீட்டின் பரப்பில் சேராது. தனி வரியில் வந்தாலும் அப்ரைசர் அதற்கு மதிப்பு கொடுக்கலாம். ஆனால் அதன் உயரங்கள் டேட்டா கலெக்டர் அனுப்பும் தகவலில் இல்லாவிட்டால் அவர் எதை வைத்துக் கொடுப்பார்? ஒட்டிய டேப்பை எடுக்காமல் விட்டுவையுங்கள், டேட்டா கலெக்டர் வந்ததும் காட்டுங்கள்.

கராஜ் கிச்சன் கடினமான கேள்வி. வீட்டுப் பரப்பில் சேர வேண்டுமானால் சுவரும் தரையும் கூரையும் வீட்டுக்குள் இருப்பதுபோல் முடிக்கப்பட்டிருக்க வேண்டும், நிலையான வெப்ப வசதி வேண்டும், வீட்டுக்குள்ளிருந்தே நேராகப் போகிற வழி வேண்டும். கார் நிற்கும் பகுதியைக் கடந்துதான் போக முடியும் என்றால் சேராது. கேஸ் இணைப்புக்கும் வயரிங்குக்கும் நகராட்சி பெர்மிட் வாங்கியிருந்தால் அதன் நகலைக் கொடுங்கள். பெர்மிட் இல்லாவிட்டாலும் மறைக்காதீர்கள். படத்தில் எப்படியும் தெரியும், விளக்கம் இல்லாத படம் கேள்வியாகத் திரும்பி வந்து கடனைத் தாமதப்படுத்தும். இன்னொன்றும் இருக்கிறது: டெக்சாஸ் வெயிலில் கார் நிறுத்த நிழலான இடம் குறைவதை வாங்குபவர்கள் குறையாகவும் பார்ப்பார்கள். போட்ட செலவு அப்படியே மதிப்பில் ஏறும் என்று எண்ண வேண்டாம்.

பெரும்பாலும் இப்போது ஃபோன் ஸ்கேன் வைத்துத்தான் வரைபடம் எடுக்கிறார்கள். ஸ்கேன் சுவரின் உட்புறத்தை அளக்கிறது. தனி வீட்டுக்கு ஆன்சி கேட்பதோ வெளிப்புற அளவு. வெளியே 30-க்கு 40 அடி என்றால் 1,200 சதுர அடி. சுவர் 6 அங்குலம் என்றால் உள்ளே 29-க்கு 39, அதாவது 1,131. சுவர்த் தடிமனைச் சேர்க்க மறந்தால் ஒரு தளத்திலேயே 69 சதுர அடி போச்சு. செங்கல் முகப்புச் சுவர் இன்னும் தடிமனானது, இழப்பும் கூடும். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. வாசல் ஹாலின் கூரை மாடிவரை உயர்ந்திருந்தால், மேலே வெறும் வெளியாக இருக்கும் இடத்தையும் மாடிப் பரப்பாகச் சேர்த்துவிடுவார்கள். அது உங்களுக்கு லாபம் அல்ல, பிறகு சோதனையில் பிடிபட்டு அறிக்கை திரும்பும்.

அவர் வரும் நாளில் எல்லா அறைக் கதவும் திறந்திருக்கட்டும். பிள்ளை தூங்குகிறது என்று ஒரு அறையைப் பூட்டி வைத்தால் மறுபடியும் ஒருமுறை வர வேண்டியிருக்கும். வாட்டர் ஹீட்டர், ஏசி, மின் பேனல் இவற்றின் முன்னால் அடுக்கி வைத்திருப்பதை நகர்த்துங்கள். நீர்க்கசிவுக் கறை இருந்து, கசிவைச் சரிசெய்துவிட்டீர்கள் என்றால் அந்த ரசீதைத் தயாராக வையுங்கள். கூரை, ஏசி, ஜன்னல்கள், கிச்சன் எந்த ஆண்டு மாற்றப்பட்டன என்று ஒரு பக்கத்தில் எழுதி அவரிடமும் கொடுங்கள், லெண்டருக்கும் அனுப்புங்கள். நடந்ததை எழுதிக் கொடுப்பதில் தவறே இல்லை. இவ்வளவு மதிப்பு வர வேண்டும் என்று சொல்வதுதான் கூடாது.

அறிக்கை வந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். தளவாரியான பரப்பு, படுக்கையறை, குளியலறை எண்ணிக்கை, போனஸ் ரூம் எங்கே காட்டப்பட்டிருக்கிறது என்பவற்றைச் சரிபாருங்கள். பில்டர் கொடுத்த பிளானோடு ஒப்பிடலாம். கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் எண் சொத்து வரிக்கானது, அதை ஆதாரமாகக் காட்டி வாதாடாதீர்கள்.

பிழை இருந்தால் கடன் முடிவதற்குள் லெண்டர் வழியாக மதிப்பு மறுபரிசீலனை கேளுங்கள். ஒரு அப்ரைசலுக்கு ஒருமுறைதான் கேட்கலாம், ஒப்பீட்டுக்கு 5 விற்பனைகள் வரை தரலாம். டெக்சாஸில் விற்பனை விலைகள் பொதுப் பதிவில் கிடைக்காது. ஏஜெண்டுகளின் விற்பனைப் பட்டியலான எம்எல்எஸ் பார்க்கக்கூடிய ஏஜெண்ட் ஒருவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். இணையதளங்கள் தானாகக் காட்டும் மதிப்பை அனுப்பிப் பயனில்லை. டேப் வைத்து எடுத்த உங்கள் அளவும், கோடுகள் தெரியும் படமும் இருந்தால் அவற்றை முதல் பக்கத்தில் வையுங்கள்.

கடன் முடிவதற்கு குறைந்தது 3 வேலை நாள் முன்பே அறிக்கையின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பது கூட்டரசு விதி. அந்த அவகாசம் வேண்டாம் என்று எழுதித்தரும் படிவம் விண்ணப்பக் கட்டிலேயே இருக்கக்கூடும். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கனவே போட்டிருந்தால், நகலை உடனே அனுப்பச் சொல்லி லெண்டருக்கு இன்றைக்கே எழுதுங்கள்.