சென்னை – சிங்கப்பூர் விமானம்: தூரமும் நேரமும்

கேள்வி: சார், என் டிக்கெட்டில் சென்னையில் இரவு 11.15க்குப் புறப்பாடு, சிங்கப்பூரில் காலை 6.00க்கு வருகை என்று இருக்கிறது. ஏழு மணி நேரமா பறக்கும்?

பதில்: இல்லை. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு 2½ மணி நேரம் முந்தி. அதைக் கழித்தால் 4 மணி 15 நிமிடம். திரும்பி வரும்போது ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேர்வது போல டிக்கெட் காட்டும். சந்தோஷப்பட வேண்டாம், அப்போது 2½ மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தூரம் 2,900 கி.மீ.தானே? மணிக்கு 850 கி.மீ. என்றால் மூன்றரை மணி நேரம்கூட ஆகாதே?

பதில்: அந்த 2,900 இரண்டு நிலையங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த தூரம். விமானம் வகுத்து வைத்த வான்வழியில்தான் போகும். வங்கக் கடலைத் தாண்டி, கிரேட் நிக்கோபார் பக்கமாக மலாக்கா நீரிணைக்குப் போவதற்குள் சற்றுக் கூடிவிடும். 850 என்பதும் உயரத்துக்குப் போன பிறகு வரும் வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் கிடையாது. தவிர, டிக்கெட் நேரம் மீனம்பாக்கத்தில் விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து சாங்கியில் வந்து நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் சேர்த்தி. தாமதம் என்று பெயர் வாங்காமலிருக்க விமான கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியும் போடும். 'முன்னதாகவே வந்துவிட்டோம்' என்று பெருமையாக அறிவிக்கிறார்களே, பாதி நாள் அதனால்தான்.

கேள்வி: யாழ்ப்பாணம் 350 கி.மீ.தான். அதற்கு ஏன் ஒரு மணி நேரத்துக்கு மேல்?

பதில்: யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்குப் போவது ஏடிஆர் 72, விசிறி விமானம். வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். ஏறுவது, இறங்குவது, ஊர்ந்து போவது எல்லாம் இதிலும் சேர்த்தி.

கேள்வி: அண்ணா, பூமி கிழக்கே சுழல்கிறது. அப்படியானால் மேற்கே போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம் இல்லையா?

பதில்: காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது தம்பி, அந்த லாபம் கிடைக்காது. நேரத்தை மாற்றுவது மேலே அடிக்கும் காற்று. 2016இல் ஏர் இந்தியா டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடியது, பயண நேரமோ கிட்டத்தட்ட இரண்டு மணி குறைந்தது! மேற்கிலிருந்து அடித்து, பின்னாலிருந்து தள்ளும் காற்றுதான் காரணம். நம் சிங்கப்பூர் தடத்தில் அவ்வளவு வித்தியாசம் வராது. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து பலமான காற்று ஓடும். போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது துணை.

கேள்வி: சாங்கியில் ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த விமானம் பிடிக்கலாமா?

பதில்: ஒரே டிக்கெட் என்றால் தாராளமாக. தனித்தனியாக எடுப்பதென்றால், இவ்வளவு குறைந்த இடைவெளியில் நான் எடுக்க மாட்டேன். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் காசு போய்விடும்.