எம்.எல்.ஏ. அறிவியல் தின விழாவில் பேசுகிறார், என்ன எழுதிக் கொடுப்பது?

கேள்வி: நான் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர். பிப்ரவரி 28 அன்று அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் கண்காட்சியை அவர் திறந்து வைக்கிறார். ஐந்து நிமிடம் பேச வேண்டும். அவர் அறிவியல் படித்தவர் இல்லை. உரையை எப்படித் தயாரிப்பது?

பதில்: "அறிவியல் இல்லையேல் உலகமே இல்லை" என்று ஆரம்பித்திருந்தால் முதலில் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். செல்போன், ராக்கெட், தடுப்பூசி என்று அடுக்கிக்கொண்டே போனால் வெயிலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் முன்னால் இருப்பவன் தலையைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே ஒரு சோதனையைக் கதையாகச் சொன்னால் போதும்.

அதற்கு அந்தத் தேதியே கை கொடுக்கும். கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்று ரேலி என்ற பெரிய விஞ்ஞானி சொல்லியிருந்தார். 1921-இல் இங்கிலாந்துப் பயணத்தின்போது, திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் கப்பலில் நின்றபடி ஒரு சின்னப் பட்டகத்தைக் கண்ணில் வைத்து, நீரின் மேற்பரப்பிலிருந்து வரும் பிரதிபலிப்பைத் தடுத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலம்தான். அந்தச் சந்தேகத்தில் தொடங்கிய ஆராய்ச்சிதான் 1928 பிப்ரவரி 28-இல் கல்கத்தாவில் ராமன் விளைவாக (ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுவது) முடிந்து, 1930-இல் நோபல் பரிசு வரை போனது. கூடவே உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர், அவர் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: அன்று ராமனின் பிறந்தநாள் இல்லை, அது நவம்பர் 7. அப்புறம், "நம் முன்னோர் அன்றே விமானம் விட்டார்கள்" வகை வரிகள் வேண்டவே வேண்டாம். இயற்பியல் ஆசிரியர் எதிரிலேயே இருப்பார், எல்லோர் கையிலும் கேமரா இருக்கும்.

"மேடையில் வீற்றிருக்கும்" பட்டியலே ஒன்றரை நிமிடத்தை விழுங்கிவிடும், அதனால் மீதி உரையை மூன்றரை நிமிடத்துக்கு எழுதுங்கள். ஒரு மூச்சுக்கு ஒரு வரி, பெரிய எழுத்து, ஆண்டுகளை "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு" என்று எழுத்தாலேயே எழுதிவிட்டால் மைக் முன்னால் தடுமாற மாட்டார்.

கடைசிப் பத்தியில் நாலு வரி காலியாக விடுங்கள். பேசுவதற்கு முன் கண்காட்சியைச் சுற்றி வரும்போது, ஏதாவது ஒரு பிள்ளை என்ன செய்து வைத்திருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்று அவரே கேட்கட்டும். பெயரோடு குறித்து, மேடை ஏறும் முன் அந்த இடத்தில் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.