நெட் பேக் போடாமல் ஸ்மார்ட்போன் வாங்கலாமா?

கேள்வி: என் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவர் மறைவுக்குப் பின் வரும் குடும்ப ஓய்வூதியம்தான் என் வருமானம். எனக்கு வயது 66. வைத்திருப்பது பட்டன் போன். வீட்டில் மகன் போட்டுக்கொடுத்த வைஃபை இருக்கிறது. பத்தாயிரம் ரூபாயில் ஸ்மார்ட்போன் வாங்கி, 28 நாளைக்கு ஒருமுறை 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்துகொள்ளச் சொல்கிறான். அதிகம் வெளியே போகாத எனக்கு அந்தச் செலவு தேவையா? நெட் பேக் இல்லாவிட்டால் ஸ்மார்ட்போனே வீண் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, திருச்சி

பதில்: போன் ஒருமுறை செலவு, பேக்கோ போன் இருக்கும்வரை தொடரும் செலவு என்பதால், இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். போன் வாங்குங்கள், நெட் பேக் இப்போதைக்கு வேண்டாம்.

28 நாள் பேக் என்றால் ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை ரீசார்ஜ் செய்ய நேரும். மொத்தம் 3,887 ரூபாய். வீட்டில் ஏற்கெனவே வைஃபைக்குப் பணம் கட்டப்படும்போது, எப்போதாவது வெளியே போகிற நேரத்துக்காக மட்டும் இவ்வளவு கொடுப்பது குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு நியாயமான செலவு அல்ல.

வாட்ஸ்அப்பில் மகனோடு முகம் பார்த்துப் பேசுவது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது, மின்கட்டணம் செலுத்துவது எல்லாமே வைஃபையில் நடக்கும். உங்களுக்கு இவற்றைவிடப் பெரிய பயன், ஒவ்வொரு நவம்பரிலும் தர வேண்டிய வாழ்வுச் சான்றிதழ். கைரேகைக் கருவி எதுவும் இல்லாமல், போன் கேமராவில் முகத்தைக் காட்டியே அதை ஜீவன் பிரமாண் செயலி வழியாகச் சமர்ப்பிக்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. அடுத்தவர் போனிலும் செய்யலாம்தான். ஆனால் ஆதார் எண்ணையும் ஓய்வூதிய ஆணை எண்ணையும் பிறர் கையில் கொடுக்காமல் இருப்பது எவ்வளவோ பாதுகாப்பு.

வீட்டைவிட்டு இறங்கியதும் அழைப்பு, எஸ்எம்எஸ், ஓடிபி, கேமரா ஆகியவை வழக்கம்போல வேலை செய்யும். மொபைல் டேட்டாவை அணைத்து வைத்தாலும் அழைப்புகள் வரும். கூகுள் மேப்ஸில் திருச்சி வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொண்டால், இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் காட்டிவிடும். கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் செலுத்துவதும், செயலியில் ஆட்டோ பிடிப்பதும்தான் முடியாது. *99# என்ற எண்ணை அழைத்தால் இணையமே இல்லாமல் யுபிஐ வழியாக ஒருமுறைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம் என்றாலும், எல்லா நிறுவனங்களின் சிம்மிலும் அது ஒழுங்காக இயங்குவதில்லை. காய்கறிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் கையில் ரொக்கம் வைத்திருப்பதே எளிது.

இணையம் இல்லாமல் சமாளிக்கலாம். எஸ்எம்எஸ் இல்லாமல் முடியாது. யுபிஐ செயலியில் முதன்முறை பதிவு செய்யும்போது, அந்த போனில் இருக்கும் சிம்மிலிருந்தே ஓர் எஸ்எம்எஸ் வங்கிக்குப் போக வேண்டும். அது போகாவிட்டால் வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் பதிவு நடக்காது.

அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் கொண்ட பேக்குகளைத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி வகுத்தது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்றும், ஜியோ 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்றும் அறிவித்தன. ஜியோ குறைவாகத் தெரிந்தாலும் நாள் கணக்கில் அதற்கு 5.20 ரூபாய், ஏர்டெல்லுக்கு 5.07 ரூபாய் ஆகிறது. விலைகள் மாறக்கூடியவை என்பதால், ரீசார்ஜ் செய்யும் நாளில் தொகையை நாளால் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஏர்டெல் கணக்குப்படி ஆண்டுக்கு 2,038 ரூபாய் உங்களிடமே மிஞ்சும்.

ஆனாலும் எடுத்த எடுப்பில் ஆண்டு பேக் போட வேண்டாம். இதே வகையில் 84 நாள் பேக்கும் உண்டு. நாள் கணக்கில் சற்றுக் கூடுதல் என்றாலும் முதலில் அதைப் போடுங்கள். வெளியே இருக்கும்போது நெட் இல்லாமல் உண்மையிலேயே தடுமாறிய நாட்களைக் காலண்டரில் குறித்து வாருங்கள். விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தால் ஆண்டு பேக்குக்கு மாறலாம். வாரம் தவறாமல் அப்படி நேர்ந்தால் மகன் சொன்ன பேக்கையே தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.