நித்தியகல்யாணி இலைத் திசான் குடிக்கலாமா?

மொரிஷியசின் ரோஸ்ஹில்லிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரையோடு முற்றத்து நித்தியகல்யாணி இலையையும் திசான் (மூலிகைக் கஷாயம்) போட்டுக் குடிக்கிறார். இந்தச் செடியிலிருந்துதான் புற்றுநோய் மருந்தே வந்தது, இப்போது லேபிலும் செய்கிறார்கள் என்று படித்தேன். அப்படியானால் இலை நல்லதுதானே?"

நிறுத்தச் சொல்லுங்கள், இன்றைக்கே. மாத்திரையை அல்ல, திசானை.

சர்க்கரைக்கு இந்த இலை என்ற நம்பிக்கை மொரிஷியசில் மட்டுமில்லை, ஜமைக்காவிலும் இருந்தது. அங்கிருந்து வந்த இலையைத்தான் 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சோதித்தார்கள். எலிகளுக்குச் சாற்றை வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை பெரிதாக இறங்கவில்லை; ஊசியாகப் போட்டபோதோ வெள்ளை அணுக்கள் சரிந்து, எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை அப்படி அடக்கிய பொருளைப் பிரித்தெடுத்தபோது கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. அதே செடியிலிருந்து அடுத்து வந்த வின்கிறிஸ்டினைக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கிறார்கள்.

சரி, லேப் எதற்கு? 1 கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும், அவ்வளவு அரிது. ஆனால் அதன் இரண்டு பாதிகளான வின்டோலினும் கதரந்தினும் அதே இலையில் நிறையவே இருப்பதால், அவற்றைப் பிரித்தெடுத்து லேபில் இணைக்கலாம். பிரான்ஸில் பியர் பொத்தியே 1970களில் காட்டிய வழி அது. 2002ல் ஜப்பானில் ஃபுகுயாமா குழு செடியே இல்லாமல் முழு மூலக்கூறையும் கட்டியது. 2022ல் ஈஸ்ட்டுக்குள் செடியின் மரபணுக்களை வைத்து இரண்டு பாதிகளையும் சுரக்க வைத்தார்கள். எனக்கு இந்த ஈஸ்ட் வழிமேல்தான் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் 2019ல் அமெரிக்காவிலேயே வின்கிறிஸ்டின் தட்டுப்பாடு வந்து பிள்ளைகளின் சிகிச்சை தடுமாறியது.

செடியில் இருந்தாலும் லேபில் செய்தாலும் மூலக்கூறு ஒன்றுதான், அளவுதான் வேறு. வின்கிறிஸ்டினைப் பெரியவர்களுக்குக்கூட ஒரு முறைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் போடமாட்டார்கள். அதுவும் ரத்தநாளத்தில் ஊசியாக, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து. திசானிலோ நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் (உடலில் வேலை செய்யும் தாவர வேதிப்பொருள்கள்) கொண்ட இலை கொதிக்கிறது, எது எவ்வளவு இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. பிற்காலச் சோதனைகள் சிலவற்றில் எலிகளுக்குச் சர்க்கரை இறங்கியதும் உண்டு, அதனால் மாத்திரையோடு சேர்ந்து அளவுக்கு மீறி இறங்கிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

அம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், அங்கே செலவில்லை. எத்தனை மாதமாக, நாளைக்கு எத்தனை இலை என்பதை மறைக்காமல் சொல்லி, ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்லுங்கள். கைகால் மரத்துப்போவது, விடாத மலச்சிக்கல், காரணமில்லாத காய்ச்சல், இதில் எது இருந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.