எனக்குக் கண்ணில் பட்டது காலணி அளவுதான்

உங்கள் மகள் இரண்டு வருடமாக 100 மீட்டரில் முதலிடம், இந்த வருடம் நான்காவது. "அவளுக்கு வேகத் தசையே இல்லையோ, மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 12 வயதுப் பிள்ளைக்கு அது எதையும் சொல்லாது.

நம் தசைகளில் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் இழைகளும், சட்டென்று சுருங்கிச் சீக்கிரம் களைத்துப்போகும் இழைகளும் கலந்தே இருக்கின்றன. தொடைத் தசையில் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. உலகத் தரமான குறுந்தூர ஓட்டக்காரர்களிடம் வேக இழை கூடுதல், மாரத்தான் வீரர்களிடம் மெது இழை கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் இழைகளை நேராக எண்ண, ஊசியால் தசையில் ஒரு துணுக்கு எடுக்க வேண்டும். எச்சிலை எடுத்துச் செய்யும் மரபணுப் பரிசோதனை அதைச் செய்வதில்லை. அது பெரும்பாலும் பார்ப்பது ஏசிடிஎன்3 போன்ற ஒருசில மரபணுக்களை. வேக இழைகளுக்காக அந்த மரபணு உருவாக்கும் புரதம் இல்லாமலே உலகில் கோடிக்கணக்கானோர் ஆரோக்கியமாக இருக்கிறார்கள். பிள்ளைகளின் விளையாட்டுத் திறமையைக் கண்டறிய இத்தகைய பரிசோதனைகளுக்கு இடமில்லை என்று 2015-லேயே விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் கூட்டாக அறிவித்துவிட்டார்கள்.

சரி, அப்படியானால் நான்காவது இடம் ஏன்? "ஆறு மாதத்தில் காலணி இரண்டு அளவு மாறிவிட்டது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. திடீர் வளர்ச்சியில் முதலில் பாதம் நீளும், பிறகு கால், கடைசியில் உடல். நீண்ட காலைக் கையாள உடம்பு பழகும்வரை ஓட்டம் கொஞ்சம் தடுமாறும். கூட ஓடுகிறவர்களில் சிலர் இந்தக் கட்டத்தை முன்பே தாண்டியிருப்பார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரத்தைக் குறித்து வையுங்கள். வேகமாக வளரும் மாதங்களில் பயிற்சியைக் கூட்ட வேண்டாம். நீளம் தாண்டுதல், பந்து விளையாட்டு, 400 மீட்டர் என எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கட்டும். ஒரே போட்டியில் பூட்டிவைக்க 15, 16 வயதுவரை பொறுக்கலாம் என்பது என் கருத்து. படிப்பில் உயிரியலை விட்டுவிடாதீர்கள். பிசியோதெரபி, விளையாட்டு அறிவியல் பக்கம் போக அது கைகொடுக்கும்.

அப்புறம் ஒன்று. குதிகாலிலோ முழங்காலுக்குக் கீழோ வலிக்கிறது என்றால் "வளர்கிற வலி" என்று தள்ளிவிடாதீர்கள். எலும்பு வளரும் முனைகளைத் தசை இழுக்கும் வயது இது. ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.