வேதாரண்யம் மணலுக்கு ஜிப்சம் எதற்கு?

கேள்வி: வேதாரண்யம் பக்கம், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டரில் எங்கள் வீடு. கொல்லையில் 5 சென்ட்டில் கத்தரி, மிளகாய் நட்டேன். மாசி வரை செடி நன்றாக இருந்தது. பங்குனி பிறந்ததும் இலை ஓரம் கருகுகிறது, பூ உதிர்கிறது. 60 அடி போர்வெல் தண்ணீரை ஓஸ் பிடித்துச் செடி தலையோடு அடிக்கிறேன். மண்ணில் உப்பு ஏறிவிட்டது என்று சொல்லிக் கடைக்காரர் 4 மூட்டை ஜிப்சமும் உப்பை முறிக்கும் திரவம் என்று ஒரு பாட்டிலும் கொடுத்தார். பலன் இல்லை. இன்னும் எத்தனை மூட்டை போடலாம், ஐயா?

பதில்: ஒரு மூட்டையும் வேண்டாம். ஜிப்சம் களர் மண்ணுக்கு மருந்து. களிமண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு, அமில காரத்தன்மை 8.5-ஐத் தாண்டி, தண்ணீர் இறங்காமல் நிற்கும் நிலத்தில் அது வேலை செய்யும். உங்கள் மணலில் சோடியம் ஒட்ட இடமே இல்லை. சோதித்துப் பாருங்கள்: ஒரு கண்ணாடி டம்ளர் மழைநீரில் கைப்பிடி மண்ணைப் போட்டுக் கலக்கி வையுங்கள். மறுநாளும் பால் மாதிரி கலங்கியே நின்றால் களர். உங்கள் மண் சில நிமிடத்தில் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்துவிடும். அந்த மண்ணுக்கு ஜிப்சம் விற்பது தவறு. ஜிப்சமும் ஓர் உப்புதான், கரையும்போது உப்பின் அளவைக் கூட்டத்தான் செய்யும். பாட்டில் திரவம் அதைவிட மோசம். உப்பை முறிக்கும் திரவம் என்று ஒன்று கிடையாது. நல்ல தண்ணீர் கழுவி இறக்கினால்தான் உப்பு போகும். 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய நாகை மாவட்ட நிலங்களில் உப்பைப் பெரும்பாலும் கழுவியது அடுத்து வந்த மழைதான்.

மாசி வரை நன்றாக இருந்தது என்று எழுதினீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. உப்பு வருவது உங்கள் போர்வெல்லிலிருந்து. கடற்கரை மணலுக்கு அடியில் மழைநீர், உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும். இறைத்து மேலே ஓர் அடி குறைத்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நிரப்பியதைப் பங்குனிக்குள் 60 அடிக் குழாய் உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. அதனால் 10, 15 அடி ஆழத்தில் அகலமான உறைகிணறு போடுங்கள், பழைய கிணறு மூடிக் கிடந்தால் தூர் வாருங்கள். சிறிய மோட்டாரால் காலை அரை மணி, மாலை அரை மணி மட்டும் இறையுங்கள். பேனா மாதிரி இருக்கும் உப்பளவி வாங்கி, இ.சி. (உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன், மில்லிசீமன்ஸ்/செ.மீ.) அளவில் வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள். 0.75-க்குள் இருந்தால் கவலை இல்லை. 2-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஊற்றாதீர்கள். தலையோடு அடிப்பதை இன்றே நிறுத்துங்கள். இலையில் காய்ந்த உப்புதான் ஓரத்தைக் கருக்குகிறது.

எத்தனை மூட்டை என்று கேட்டீர்கள். எத்தனை வண்டி வண்டல் என்று கேட்டிருக்க வேண்டும். இந்த மணலுக்குத் தண்ணீரையும் உரத்தையும் பிடித்து வைக்கத் தெரியாது. நனைத்துக் கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உதிர்ந்துவிடும். உருண்டை நிற்கிற மண்ணாக இதை மாற்றுவதற்குக் குளத்து வண்டலுக்கு இணை எதுவும் இல்லை. கோடையில் நல்ல தண்ணீர்க் குளத்தில் எடுத்த வண்டல் இரண்டு யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) உங்கள் 5 சென்ட்டில் சுமார் ஓர் அங்குலம் நிற்கும். அதை 6 அங்குல ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள். மேலே போட்டு விட்டுவிட்டால் வெயிலில் ஓடாகக் காய்ந்துபோகும். கொண்டுவருமுன் ஒரு பங்கு வண்டலை இரண்டு பங்கு மழைநீரில் கரைத்து அளவியை வையுங்கள். 1-க்கு மேல் காட்டினால் அந்தக் குளம் வேண்டாம்.

கூடவே சென்ட்டுக்கு 50 கிலோ மக்கிய தென்னை நார்க்கழிவு. ஆலையிலிருந்து வரும் பச்சைக் கழிவை அப்படியே போட்டால் அது மக்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் ஓர் அடுக்குக்கு ஒன்றாக மாற்றித் தூவி, ஈரம் காயாமல் நிழலில் இரண்டு மாதம் வையுங்கள். கறுத்து, எடை குறைந்து, மண்வாசனை வந்ததும் எடுக்கலாம். இதை வருஷா வருஷம் போட வேண்டும். நம் வெயிலில் மணலில் எந்த மக்கும் நெடுநாள் தங்காது.

யூரியாவை மொத்தமாகப் போடாமல் பத்து நாளைக்கு ஒருமுறை கொஞ்சமாகப் பிரித்துக் கொடுங்கள். பொட்டாஷில் குளோரைடு வகையை விட்டு சல்பேட் வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் உங்கள் நீரில் குளோரைடு ஏற்கெனவே போதும். கடல் பக்கம் சவுக்கு இரண்டு வரிசை வைத்தால் உப்புக் காற்று நேராக அடிக்காது.

இந்தக் கோடைக்குக் கத்தரியை விட்டுவிடுங்கள். கொத்தவரையும் காராமணியும் இதைவிட உப்பைத் தாங்கும். மிளகாய் நாற்றை மழை ஓய்ந்ததும், கிணறு நிரம்பி நிற்கும் மார்கழித் தொடக்கத்திலேயே நட்டால் தண்ணீர் கரிக்குமுன் காய்ப்பில் ஒரு பகுதியையாவது எடுத்துவிடலாம்.